மலையில் இறங்காத விமானம்

“டேப்லெட்ல ஓடுபாதை பளிச்சுன்னு தெரியுதேக்கா. இறங்கிடலாம்!” பக்கத்து இருக்கையிலிருந்து தம்பி கெஞ்சினான்.

“மேகத்துக்குள்ள இறங்க அது ஆகாதுடா. விமானத்துலயே பொருத்தி, இறங்குறதுக்குன்னு ஒப்புதல் வாங்கின கருவி வேணும்.”

அக்காவின் கண்கள் எதிரே இருந்த ஜிபிஎஸ் பெட்டியை விட்டு அகலவில்லை. போன வாரம்தான் புதிதாக மாட்டியது. வழியெல்லாம் ஒழுங்காகக் காட்டியது. இறங்கும் நேரத்தில் வரவேண்டிய ‘அப்ரோச்’, அதாவது மேகத்தினூடே இறங்கும் பாதை, மட்டும் வரவேயில்லை.

அப்போதுதான் மூலையில் அந்தக் கீறல் கண்ணில் பட்டது. கழற்றிப் போட்ட பழைய பெட்டி! பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இது வழிகாட்ட மட்டுமே உதவும்.

கீழே மலைமேல் இருந்த ஓடுபாதையில் ஆஸ்பத்திரி அதிகாரிகள் காத்திருந்தார்கள். மேகத்திலும் வந்து இறங்கும் கம்பெனிக்குத்தான் இனி நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வேலை. போட்டிக் கம்பெனி விமானம் இறங்கிவிட்ட செய்தி ரேடியோவில் கேட்டது.

“முடிஞ்சுதுடா. அடிவாரத்து ஊருக்கே போயிடுவோம்,” என்றாள். அவள் தேடுமுன்பே அந்த ஊரின் அலைவரிசை ரேடியோவில் தயாராக இருந்தது. தம்பி எப்போதுமே சுறுசுறுப்பு.

இறங்கியதும், பெட்டியை மாட்டிய இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

“கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேனே! எவ்வளவுக்கு விலை போனே?”

“சத்தியமா புதுசைத்தான் மாட்டினேன் மேடம்...” அவர் குரல் உடைந்தது.

“இனி எங்க கம்பெனிப் பக்கமே வராதே!” என்று போனை வைத்தாள்.

“விடுக்கா. யாரைத்தான் நம்புறது, சொல்லு?” தம்பி அவள் தோளைத் தட்டினான். அவளே விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஆளாக்கியவன். போட்டிக் கம்பெனி பெரிய பதவி தருவதாகக் கூப்பிட்டபோதுகூட, “அக்காவை விட்டுட்டு வரமாட்டேன்” என்று மறுத்தவன். இவன் ஒருத்தனாவது இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டாள்.

விமானத்தைக் கட்டி நிறுத்த அவன் போனான். அவள் தனியாக வாசலுக்கு வந்தாள். ஆளரவமற்ற அந்தச் சின்ன விமான நிலையத்தின் முன்னால் ஒரே ஒரு டாக்சி. டிரைவர் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

“நல்லவேளை. இங்க வண்டியே கிடைக்காதோன்னு பயந்துட்டேன்.”

“நீங்க இங்கதான் இறங்குவீங்கன்னு உங்க தம்பி நேத்தே சொல்லிட்டாரும்மா.”