எட்டும் ஒன்பதும்

சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்த நாளிலிருந்து மஹ்ரூப் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கஞ்சியும் இளநீரும் கட்டிலுக்கே வந்தன. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஒன்பது! ஸ்கேன்ல தெளிவாக் காட்டுது" என்று பெருமையோடு முனகினார்.

கஞ்சி காய்ச்சிய மனைவி ஸரீனாவுக்கு மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். ஒருநாள் அவளும் புத்தளம் போய் ஸ்கேன் எடுத்து வந்தாள்.

"கர்ப்பப்பையில கட்டியாம்."

"எவ்வளவாம்?"

"எட்டு."

மஹ்ரூபுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு ஒன்பது, புள்ள! நானே பொறுத்துக்கிட்டுக் கிடக்கேன். அந்த வெந்நீர்ப் பையை எடு."

ஸரீனா எடுத்துக் கொடுத்தாள்.

மறுவாரம் இருவருமாகக் குடும்ப டொக்டரிடம் போனார்கள். அந்த அம்மா மஹ்ரூபின் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்தார். ஸரீனாவுடையதை நெடுநேரம் படித்தார்.

"கட்டியால இரத்தம் நல்லாக் குறைஞ்சிருக்கு. ஒப்பரேஷனுக்கு அனுப்பணும்."

மஹ்ரூப் குறுக்கிட்டார். "எட்டுக்கே ஒப்பரேஷனா? அப்ப என்ட ஒன்பதுக்கு?"

"மஹ்ரூப் நானா, உங்கட ஒன்பது மில்லிமீற்றர். ஒரு கடலை அளவு. அவங்கட எட்டு சென்ரிமீற்றர். பெரிய தோடம்பழம் அளவு. இதோட எப்படித்தான் வேலை செஞ்சாங்களோ!"

மஹ்ரூப் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இது முன்னமே தெரியுமா?"

"ஓம்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீங்க அவ்வளவு ஆசையா ஒன்பது, ஒன்பது எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தீங்க. குறைக்க மனசு வரல்ல."