பிறவிக் குணம்

குதிரை அப்பாவின் தோளைக் கவ்வ வந்தது. நூலிழையில் தப்பினார்.

பண்ணை முற்றத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். சுவரோரம் நின்றிருந்த மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு நிமிடம் முன்புவரை அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை அவருக்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த ஆண்குதிரை அப்படிப்பட்டது. வேகமெடுத்தாலும் நான்கு குளம்புகளும் தனித்தனியாக, பதறாமல் விழுந்தன. மேலே உட்கார்ந்தவர் கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துச் சுற்றவிட்டார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. இப்படியொரு நடையைத் தன் பெட்டைக் குதிரைகளின் வம்சத்தில் ஏற்றத்தான் அப்பா ஊர் ஊராகச் செருப்புத் தேய அலைந்தார்.

கழுத்தில் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், பல் வந்துவிட்டது.

"கொஞ்சம் முன்கோபம், மாமா. ரத்தத்துலயே வந்தது," என்று மாப்பிள்ளை சிரித்தான்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. நடை சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார். கெட்ட குணத்தை மட்டும் குட்டிகளுக்கு இறங்க விடமாட்டார். அந்தக் குட்டியின் முதுகில் நாளைக்கு யார் பெற்ற பிள்ளையோ ஏறும் என்பார்.

"இனவிருத்திக்கு ஆகாது. காயடிச்சிடுங்க," என்றார், குதிரையைச் சோதிக்க வந்திருந்த கால்நடை மருத்துவரிடம்.

மருத்துவர் பெட்டியைத் திறந்தார்.

மகள் கண்ணைத் திறந்தாள். புகுந்த வீட்டுக்குக் குட்டியாக வந்தபோது அவள் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே திரிந்த பிராணி அது. ரத்தத்தில் வந்தது எது, பிறகு வந்தது எது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் குதிரை தப்பிக்கும். அப்புறம் அவள் கதி? சாயங்காலம் லாரி கிளம்பும்போது அவளும் அதில் ஏறியாக வேண்டும்.

கணவன் அவளைப் பார்த்தான். சும்மாதான் பார்த்தான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

ஊசியில் மருந்து ஏறியது.

"அப்பா, கையைத் தூக்காம, கீழயே வச்சுக்கிட்டுக் கிட்ட போங்க."

மகள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டபடி நடந்தார். குதிரை காதுகளை விடைத்தது. அவர் நிற்கவில்லை. அது கழுத்தை நீட்டியது. அவருடைய சட்டைப் பொத்தானை முகர்ந்தது. பிறகு சாதுவாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

அப்பா அப்படியே நின்றார். அடிபட்ட மிருகத்தை அடையாளம் தெரியாதவர் இல்லை அவர். நடையில் மயங்கிக் கோட்டைவிட்டிருந்தார்.

"ஓங்கின கைக்குத்தான் இது பயப்படுது," என்றார் மெதுவாக. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கும் அப்படித்தாம்பா."

அப்பா மருத்துவரைப் பெட்டியை மூடச் சொன்னார். டிரைவரை வெறும் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார்.

கடைசியாக மாப்பிள்ளையைப் பார்த்தார். கல்யாணம் பேசியபோது இவன் படிப்பை விசாரித்தார், வேலையை விசாரித்தார், உயரத்தைக்கூடக் கண்ணாலேயே அளந்து வைத்துக்கொண்டார். குணத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.