அறுபத்தோராவது லேயர்

ஹெப்சி ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். பாட்டு ஓடியது. படம் நின்றது.

மறுபடி தட்டினாள். பழைய தலைமையாசிரியர் ஒருவரின் முகம் திரையின் ஓரத்திலிருந்து பாதி வந்து நின்றுகொண்டது. பாட்டு அவரை விட்டுவிட்டு சரணத்துக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. சாயங்காலம் ஐந்துக்கு, குரோம்பேட்டையில் பள்ளிக்கூடத்தின் பொன்விழா. விழா தொடங்குவதே இந்த ஆறு நிமிட வீடியோவோடுதான். எண்பத்து நான்கு பழைய புகைப்படங்கள் பின்னால் ஒரு சுவர் போல நிற்க, ஒவ்வொன்றாக முன்னால் மிதந்து வர வேண்டும்.

வாரத்தில் ஐந்து நாள் நாவலூரில் ஒரு கம்பெனியில் அவள் செய்வதும் இதே வீடியோ எடிட்டிங் வேலைதான். ஆறாவது நாளும் செய்வதற்குக் காரணம் சூர்யநாராயணன் சார். செம்பாக்கத்தில் அவள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் இருப்பவர். அந்தப் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள்.

பிரிவியூவின் தரத்தைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு கால்வாசியாக்கினாள். முகங்கள் கலங்கின. ஓடவில்லை.

கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்த தற்காலிக ஃபைல்களை, கேஷை, காலி செய்தாள். பிரவுசரை மூடினாள். படங்களுக்கு ஆசை ஆசையாகப் போட்டிருந்த நிழல்களையெல்லாம் கழற்றினாள். லேப்டாப்பை ஒரு தடவை அணைத்தும் பார்த்தாள்.

தலைமையாசிரியர் பாதி முகத்தோடு அங்கேயே நின்றார்.

அரை மணிக்கு ஒருதரம் சார் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஆயிடுத்தா என்று கேட்டுவிட்டுப் போனார். நாலாவது முறை டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். சூடானால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். ஹெப்சி பல்லைக் கடித்துக்கொண்டு தேங்க்ஸ் சொன்னாள். ஃபேன் காற்றில் மேசை மேலிருந்த காகிதமெல்லாம் பறந்தது.

இனி ஒரே வழிதான். ஒரு படத்துக்கு ஒரு லேயர். எல்லா லேயர்களையும் மறைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டிப் பார்த்தாள்.

அறுபது வரை வழுக்கிக்கொண்டு ஓடியது.

அறுபத்தொன்றைத் திறந்தாள். நின்றது.

மூடினாள். ஓடியது.

ஐந்தாம் வகுப்பு பி பிரிவு, 1998. நாற்பது பிள்ளைகள், நடுவில் நாற்காலியில் ஒரு டீச்சர். மற்ற படங்களெல்லாம் இரண்டு எம்பி, மூன்று எம்பி. இது ஒரு ஜிபிக்கு மேல்.

படம் அனுப்புகிறவர்கள் பெயரையும் ஃபோன் நம்பரையும் எழுத வேண்டும் என்று சார் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். இந்தப் படத்தோடு சுந்தரவல்லி என்று இருந்தது. காலை முழுவதும் வீணான கோபத்தோடு ஹெப்சி அந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

வயதான குரல். ஜெராக்ஸ் கடையில்தான் ஸ்கேன் எடுத்தாராம். கடைக்காரர் போதும் போதும் என்றாராம். இன்னும் பெருசா, இன்னும் பெருசா என்று இவர்தான் விடவில்லையாம். கடைக்காரரே சார் நம்பருக்கு லிங்க் அனுப்பி வைத்தாராம்.

இவ்வளவு பெரிதாக யாருக்கும் தேவையில்லை, நான் சின்னதாக்கிக்கொள்கிறேன் என்றாள் ஹெப்சி.



"சின்னதாக்கினா நான் தெரிய மாட்டேனே கண்ணு."

ஹெப்சிக்குப் புரியவில்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு சின்னதாக்கினாலும் நன்றாகத் தெரிவாரே என்றாள்.

"அது ரோஸி டீச்சரு. நான் பின்னாடி ஜன்னலாண்ட கீறேன், பாரு."

ஃபோனைக் காதில் வைத்தபடியே படத்தைப் பெரிதாக்கினாள். பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே ஒரு ஜன்னல். அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி. இன்னும் பெரிதாக்கினாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள். இன்னும். ஒரு பெண்ணின் முகம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, காதோரம் தெரிந்த மல்லிகை. நாற்பது பிள்ளைகளில் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். அவர் மட்டும் நேராகக் கேமராவைப் பார்த்திருந்தார்.

வேறு படம் ஏதாவது இருக்கிறதா என்று ஹெப்சி கேட்டாள். இல்லை என்றார். யார் நீங்கள், ஏன் வரிசையில் நிற்கவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. வேலை முடிந்ததும் சொல்கிறேன் என்று வைத்தாள்.

முழுப் படத்துக்குச் சின்ன நகல் ஒன்று எடுத்தாள். பெரியதிலிருந்து ஜன்னலை மட்டும் வெட்டினாள். மற்ற படங்கள் வருவது போல இது ஓரத்திலிருந்து வரவில்லை. ஜன்னலில் தொடங்கி, அந்த முகத்திலிருந்து மெதுவாக விலகி, கம்பி, சுவர், பிள்ளைகள், டீச்சர் என்று விரிந்தது. கீழே சுந்தரவல்லி என்று பெயரை அடித்தாள்.

சார் இறங்கி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஸ்பேஸ் பாரைத் தட்டினாள்.

எங்கேயும் நிற்காமல் ஓடியது. தலைமையாசிரியர் முழு முகத்தோடு வந்து போனார். சாரும் நிற்கும் பழைய விளையாட்டு விழாப் படம் வந்தது, போனது. அதற்கெல்லாம் அவர் நிமிர்ந்தே நின்றார். ஜன்னல் வந்தபோது குனிந்தார்.

"அதை இன்னொரு தரம் போடு."

போட்டாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையின் கீழே இருந்த எழுத்தைப் படித்தார்.

"தினம் இந்தம்மாதான் எனக்குத் தண்ணி கொண்டு வந்து வைப்பா," என்றார். "ஆயான்னுதான் கூப்பிடுவோம். பேரு இப்பத்தான் தெரியறது."