ஆடலாம் என்று எழுதிய கை

மூன்றாவது வரிசையில் அந்த அம்மாள் இன்றும் வந்து உட்கார்ந்திருந்தாள். மைதானத்தில் ஓடும் பெண்களில் ஒருத்திகூட அவள் வீட்டுப் பிள்ளை இல்லை. ஆனாலும் இரண்டு வருடமாக இந்தப் பள்ளி ஆடும் ஒரு பந்தயத்தையும் அவள் விட்டதில்லை.

பள்ளியின் பிசியோ, திரும்பிப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள். சுளுக்குப் பார்ப்பது, கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, அடிபட்ட பிள்ளை மறுபடி ஆடலாமா கூடாதா என்று சொல்வது, இதெல்லாம் அவள் வேலை. அந்தப் பார்வை முதுகில் ஊசியாய் இறங்கியது.

இறங்காமல் என்ன செய்யும்? அந்த அம்மாளின் ஒரே மகன் இதே பள்ளிக்குக் கோல்கீப்பராக இருந்தவன். தலையில் அடிபட்டு ஒரு வாரம் ஓய்விலிருந்தான். பெரிய அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த அன்று பிசியோவின் அறையில் வந்து நின்றான்.

தலை தெளிந்துவிட்டதா என்று பார்க்க அவள் சொன்னபடி ஒற்றைக் காலில் நின்று காட்டினான். மாதங்களைக் கடைசியிலிருந்து சொன்னான். "தலை வலி..." என்று அவள் தொடங்கியதுமே, பாடம் ஒப்பிப்பதுபோல், "இல்ல மேடம், சுத்தமா இல்ல" என்றான். அவள் தாளில் 'ஆடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைய ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே பையன் சரிந்து விழுந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

விசாரணையில் அவள்மேல் தப்பில்லை என்று முடிவானது. அவள் மனது அதை ஏற்கவில்லை. அதன்பின் எந்தப் பிள்ளை "இல்ல மேடம்" என்றாலும் அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

இன்று மைதானத்தில் இரண்டு தலைகள் மோதின. எல்லோரும் 'பட்டாசு' என்று கூப்பிடும் பெண் புல்லில் கிடந்தாள். பிசியோ ஓடிப்போய் அவளைக் கோட்டுக்கு வெளியே கூட்டி வந்து உட்கார வைத்தாள்.

"இப்ப யாரு ஜெயிக்கிறா?"

"நாமதான்..." பெண் யோசித்தாள். "இல்ல, சமமா இருக்கோம்."

"தலை வலிக்குதா?"

"இல்ல மேடம்."

வெயிலைப் பார்த்து அவள் கண்கள் சுருங்கின. பிசியோ அந்தப் பெண்ணின் வலது கால் ஷூவைக் கழற்றித் தன் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

கோச் ஓடி வந்தார். "என்ன மேடம், நல்லாத்தானே பேசுறா? இறுதிப் போட்டி. இன்னும் பத்தே நிமிஷம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறீங்களே."

"உடையட்டும் சார். தாழி வேற வாங்கிக்கலாம்."

கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றார்கள். கோச் அவள் முகத்தைப் பார்க்காமலே போனார். பட்டாசை மருத்துவமனைக்கு அழைத்துப்போன அப்பாகூட அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

பிசியோ தன் அறையில் மீந்த துணிக்கட்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. அந்த அம்மாள்.

பிசியோ சுருட்டுவதை நிறுத்தினாள். இரண்டு வருடமாக இந்த நிமிடத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணை நிறுத்திட்டீங்க" என்றாள் அந்த அம்மாள்.

"ஆமாம்மா."

"வலி இல்லைன்னு அவ சொல்லியும்."

"ஆமாம்மா." பிசியோ வலது கையை நீட்டினாள். "உங்க பிள்ளையையும் அன்னிக்கு நான் நிறுத்தியிருக்கணும். அவனை அனுப்பினது இந்தக் கைதான். என்னைத் திட்டணும்னா திட்டித் தீத்துடுங்கம்மா. இப்படி வந்து வந்து பார்த்துட்டுப் போகாதீங்க, தாங்க முடியல."

அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. பிள்ளைகளைப் படுக்க வைக்கும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திட்டறதுக்கு வரல மேடம். ஒரு விஷயம் சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வர்றேன். வாய் வராம திரும்பிப் போயிடுவேன்."

பிசியோ கதவைச் சாத்தினாள்.

"அன்னிக்குக் காலைல தலையைத் தூக்க முடியாம கிடந்தவனுக்கு மாத்திரையைக் குடுத்து, 'கேட்டா இல்லைன்னு சொல்லிடு'ன்னு அனுப்பினது நான்தான்."