எழிலனுக்கு முட்டை

"அவனை எவன்டா டீம்ல சேத்தது? அவனுக்குக் கீறது காலா, கட்டையா?"

எபினேசர் போட்ட சத்தத்தில், தேவப்பிரியம் ஆற்றிக்கொண்டிருந்த டீ தளும்பிக் கையில் பட்டது.

திருவொற்றியூர் மைதானத்துக்கு எதிரே அவருடைய டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்தால் 'நங்கூரம்' டீமின் ரசிகர்கள் மொத்தமும் அங்கேதான். இன்று மீஞ்சூர் டீமிடம் ஒரு கோலில் தோல்வி. அந்த ஒன்றையும் மீஞ்சூர்க்காரன் போடவில்லை. ஆட்டம் முடிய இரண்டே நிமிடம். நங்கூரத்தின் எழிலன் வெளியே தள்ளப் பார்த்த பந்து, அவன் முழங்காலில் பட்டுச் சொந்த கோலுக்குள்ளேயே போய்விட்டது.

எழிலன் கடை ஓரமாக நின்றிருந்தான். புருவத்தில் பிளாஸ்திரி. கையில் மடித்த நாலாம் நம்பர் ஜெர்சி. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தான்.

"பெஞ்சு மேல வெச்சுட்டுப் போ," என்றார் டீம் மேனேஜர் பரசுராமன், அவன் முகத்தைப் பார்க்காமலே. "வர்ற வாரம் ராயபுரத்தோட மேட்ச். நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"இரு மாமு. அக்கா மார்க்கு படிக்கட்டும். அதையும் கேட்டுட்டே போவட்டும்," என்றான் எபினேசர்.

அக்கா என்றால் வரலட்சுமி. கன்டெய்னர் யார்டில் வருகிற பெட்டிக்கும் போகிற பெட்டிக்கும் கோடு போட்டு எண்ணுகிற வேலை. வாரத்தில் ஆறு நாள் பெட்டி. ஏழாம் நாள் பந்து. யார் எத்தனை முறை தடுத்தான், எத்தனை முறை கோட்டைவிட்டான் என்று மேட்ச் முழுக்க நோட்டில் கோடு போடுவாள். முடிந்ததும் டீக்கடையில் வைத்து, பத்துக்கு இத்தனை என்று பதினொரு பேருக்கும் மார்க் படிப்பாள். பதினொரு வருஷத்தில் அரை மார்க் முன்னே பின்னே போனதில்லை. அவளிடம் முட்டை வாங்கினவனும் கிடையாது.

"கோல்கீப்பர் பெனிட்டோ, ஆறரை," என்று ஆரம்பித்தாள். பத்துப் பேர் முடிந்தார்கள். எழிலனைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

நோட்டை ஒரு முறை பார்த்தாள். அவனை ஒரு முறை பார்த்தாள்.

"எழிலன், முட்டை."

எழிலனின் தலை இன்னும் கொஞ்சம் கீழே போனது.

தேவப்பிரியத்துக்குச் சுருக்கென்றது. 'அடிபட்டு வந்து நிக்கிறவனை இன்னும் மிதிக்காளே. பெட்டி எண்ணி எண்ணி இவ மனசும் இரும்பாயிட்டு போல.'

எப்போதும் முதல் டீ வரலட்சுமிக்குத்தான். இன்று அதை எழிலன் கையில் கொடுத்தார்.

"முட்டையா?" எபினேசர் எழுந்தே விட்டான். "இன்னாக்கா, அநியாயமா கீது!"

"நீதானடா இப்போ அவன் காலைக் கட்டைன்னே?"

"நான் சொல்லுவேன். அதுக்கோசரம் நீ முட்டை போடுவியா? பத்தாவது நிமிஷம் கோல் லைன்ல நின்னு தலையால தட்டினானே, அது இன்னா?"

"சரி, ஒண்ணு." வரலட்சுமி ஒரு விரலை மடக்கினாள். "அவ்ளோதானே?"

"அவ்ளோதானாவா!" பெஞ்சிலிருந்து இன்னொருவர் குரல் கொடுத்தார். "அவங்க ஒன்பதாம் நம்பர் தனியா ஓடியாந்தான். சறுக்கிக்கினு போயி பந்தைப் புடுங்கினது யாரு? உங்க மாமாவா?"

"ரெண்டு. அப்புறம்?"

ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டில் போய் நின்றது.

"முதல் பாதி முடியறப்போ, இடது பக்கம் என்னமோ நடந்துச்சே?" என்று வரலட்சுமியே கேட்டாள்.

"ஆமா! அதை மறந்துட்டேன் பாரு!" எபினேசர் துள்ளினான். "ரெண்டு பேரு சேந்து வந்தானுங்க. ஒத்தை ஆளா நின்னு மறிச்சான்!"

"பதிமூணு."

"புருவம் கிழிஞ்சும் வெளியே போவல. அதையும் சேரு!"

"ரத்தத்துக்கெல்லாம் நான் மார்க் போடறதில்ல. முட்டைன்னா முட்டைதான்."

பரசுராமனுக்குப் பொறுக்கவில்லை. எழிலன் கையிலிருந்த ஜெர்சியை வெடுக்கென்று வாங்கி, உதறி, அவன் தோளிலேயே போட்டார்.

"இந்தாம்மா, மார்க்கு போடறது உன் வேலை. டீம் போடறது என் வேலை. டேய் எழிலா, ஞாயித்துக்கெழமை நீதான் எறங்கற. அன்னிக்கு இந்தம்மா இன்னா போடறாங்கன்னு பாத்துடலாம்!"

விசில் பறந்தது. எபினேசர் எழிலன் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனான். கூட்டமும் பின்னாலேயே போனது. போகிற போக்கில் ஆளுக்கொரு முறை வரலட்சுமியை முறைத்தார்கள். எழிலன் எதற்கோ சிரித்த சத்தம் தெருவிலிருந்து கேட்டது.

தேவப்பிரியம் ஒரு டீயைக் கொண்டுவந்து அவள் முன்னால் 'ணங்'கென்று வைத்தார். நோட்டு திறந்தே கிடந்தது. கண் தானாக அதில் போனது.

எழிலன் பெயருக்கு நேரே, ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். மொத்தம் பதின்மூன்று. தப்புக்கான கட்டத்தில் ஒரே ஒரு கோடு. கடைசியில் மார்க்: ஒன்பது. அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் எட்டுகூட இல்லை.

"என்னம்மா இது, ஒன்பதுன்னுல்லா எழுதியிருக்கிய! இத்தனை வருஷத்துல ஒரு மார்க் மாத்திப் படிச்சதில்லையே நீங்க?"

வரலட்சுமி நோட்டை மூடிப் பையில் வைத்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள்.

"நான் ஒன்பதுன்னு படிச்சிருந்தா, அண்ணாச்சி, அவங்க எல்லாரும் சேந்து முட்டை போட்டிருப்பாங்க."