மருதையனின் தழும்பு

புத்தகக் கண்காட்சியில் கையெழுத்துக்காக நீண்ட கையில், வளையலுக்கு மேலே, அந்தத் தழும்பு இருந்தது. எழுத்தாளர் குணசீலனுக்கு நிமிரத் தைரியமில்லை. ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணின் கழுத்துக்கு வந்த கத்தியை வெறுங்கையால் தடுத்த திருநங்கை இவள்தான். அன்று பின்சீட்டில் அவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதைக் கதையாக எழுதியபோது, யார் நம்புவார்கள் என்று அவளை முறுக்குமீசை மருதையனாக மாற்றிவிட்டார். ஆண்மை என்றால் இதுதான் என்று ஊரே கொண்டாடியது.

"படிச்சு அழுதுட்டேன் சார்."

"என்ன பேரும்மா போடணும்?"

அவள் அவரையே பார்த்தாள்.

"மருதையன்னே போடுங்க. எங்கப்பாவும் எனக்கு இப்படித்தான் ஒரு ஆம்பளப் பேரு வச்சிருந்தாரு."