அந்தப் புத்தகத்தை எடுத்தது யார்?

"பூட்டு ரிப்பேர் பத்தி ஒரு புத்தகம் இங்க இருக்கு. ஆறு மாசத்துல அதை யார் யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு எனக்குத் தெரியணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சின்ன நூலகத்துக்கு அவள் ஒருத்திதான் நூலகர். எதிரே இன்ஸ்பெக்டர். அரை மணி நேரமாக அலமாரிகளுக்கு நடுவே உலாத்திக்கொண்டிருந்தவர், இப்போது தொப்பியை மேசை ஓரத்தில் வைத்து, அதன் மேலேயே உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கோர்ட் உத்தரவு இருக்கா சார்?"

"ஒரு பேர் சொல்றதுக்குக் கோர்ட்டா? டிவி நாடகம் பார்த்ததில்லையா நீங்க? இன்ஸ்பெக்டர் கேட்டதும் நூலகத்துப் பொண்ணு நாலு தட்டு தட்டி, திரையை அப்படியே அவர் பக்கம் திருப்பிடும். கொலைகாரன் போட்டோ, வீட்டு அட்ரஸோட வந்து நிக்கும்."

"என் மாமியார் ஒரு நாள் விடாம பார்ப்பாங்க சார், கூட நானும்தான். அவங்களுக்கு அரை மணி நேரத்துல ஆளைப் பிடிச்சாகணும், பாவம். எங்க கம்ப்யூட்டர் கண் முழிக்கவே அதுல பாதி ஆகும்."

அவர் சிரிக்கவில்லை. வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவளும் பார்த்தாள். வெளியே ஜீப் இல்லை. கூட ஒரு கான்ஸ்டபிள்கூட இல்லை. திருட்டு வழக்குக்கு இப்படித் தனியாகவா வருவார்கள்? பூட்டு சும்மா ஒரு சாக்கு, இந்த மனுஷனுக்கு வேறு யார் மேலோ கண் என்று அவளுக்குப் பட்டது.

அவளுக்கு முன்பு இதே நாற்காலியில் இருந்தவர், ஒரு கணவன் போனில் கேட்டான் என்று, அவன் மனைவி விவாகரத்துச் சட்டப் புத்தகம் எடுத்துப்போனதைச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அப்புறம் நூலகம் பக்கமே வரவில்லை. என்ன ஆனாள் என்றும் தெரியவில்லை.

"உத்தரவு இல்லாம முடியாது சார்."

"மேலிடத்துல நான் ஒரு வார்த்தை சொன்னா உங்க வேலை போயிடும்."

வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

"போனா போகட்டும் சார். நானே நினைச்சாலும் உங்களுக்குக் காட்ட ஒண்ணுமில்ல. புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவங்க பேர் அழிஞ்சிடும். அப்படித்தான் வச்சிருக்கோம்."

"சுத்தமாவா?"

"தடயமே இருக்காது."

சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். தன் மேல் புகார் தயாராகிறது என்று அவள் நினைத்தாள்.

"அதுவரைக்கும், அதாவது புத்தகம் அந்த ஆள் கையில இருக்கிற வரைக்கும்?"

"எனக்கு மட்டும் தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

"எனக்கு மேல இருக்கிற அதிகாரி வந்து நின்னா?"

"அவருக்கும் இதே பதில்தான்."

அதையும் எழுதினார். பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முதல் தடவை கேட்பவர் மாதிரி நிதானமாக ஆரம்பித்தார்.

"பூட்டு ரிப்பேர் பத்தி ஒரு புத்தகம் இங்க இருக்கு. அதை யார் எடுத்தாங்கன்னு தெரியணும்."

போட்டு வாங்கப் பார்க்கிறார். நாடகத்தில் இப்படித்தான், கேட்டதையே திரும்பக் கேட்டு ஆளைக் குழப்புவார்கள். அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

"இப்பத்தானே சார் கேட்டீங்க. எத்தனை தரம் கேட்டாலும் இந்த வாயிலிருந்து பேர் வராது."

அவர் நோட்டைப் பின்னால் புரட்டி, எழுதியதை வரி வரியாகப் படித்தார்.

"ஆமா, கேட்டிருக்கேன்" என்றார். அதட்டல் குரல் எங்கோ போயிருந்தது. "சரிம்மா, உங்களை நம்பலாம். என்னையும் உறுப்பினராச் சேர்த்துக்கோங்க. இதை எடுத்துட்டுப் போறேன். ஸ்டேஷன்ல யாருக்கும் தெரியக் கூடாது."

தொப்பியைத் தூக்கினார். அடியில் குப்புறக் கிடந்த ஒல்லிப் புத்தகத்தை அவள் திருப்பிப் பார்த்தாள்.

'மறதி நோய்: முதல் அறிகுறிகள்.'